மதிலுக்கு வெளியேதான் ஊர் இருக்கிறது

கோவையின் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், வரதராஜபுரம், நீலிக்கோணாம்பாளையம் வட்டாரத்தில் எழுந்திருக்கும் புதிய அடுக்கக வளாகங்களின் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நீங்கள் வீடு வாங்கியபோது உங்கள் கையில் கொடுக்கப்பட்ட வண்ணப் பிரசுரங்களில் ஒன்றை நானும் பார்த்திருக்கிறேன். என் தங்கை மகன் உங்களில் ஒருவன். அவன் வீட்டு மேசையில் அது கிடந்தது. ‘வசதிகள்’ என்ற தலைப்பின் கீழே நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நடைபாதை, சிறுவர் பூங்கா, விருந்து மண்டபம், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் என்று நீண்ட பட்டியல். அத்தனையும் மதிலுக்கு உள்ளே. வெளியே என்ன இருக்கிறது என்று தேடினால் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய வரைபடம். விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம், ஐ.டி. பூங்காவுக்கு எவ்வளவு நேரம் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். சிங்காநல்லூர் என்ற ஊர் அந்த வரைபடத்தில் காரில் கடந்து போகும் சாலையாக மட்டுமே இருந்தது.

உங்கள்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பல வருடக் கடனில் வாங்கிய வீடு, குழந்தைகள் பத்திரமாக விளையாட ஓர் இடம் என்ற ஆசை, இவற்றில் என்ன தவறு இருக்க முடியும்? உங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. உங்கள் வளாகத்தில் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த ரிசர்வ் சைட், அதாவது பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கிய நிலம், இருந்தால், அதன் கதவை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஊரின் பொது வசதிகளைக் கேட்டுப் பெறும் கூட்டங்களில் எங்களோடு வந்து உட்காருங்கள். இதை நான் ஏன் உரிமையோடு கேட்கிறேன் என்று புரிய, நீங்கள் குடியேறியிருக்கும் மண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் ஒரு மில் தொழிலாளியின் மகள். அப்பா ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்தார். அம்மா திருமணத்துக்கு முன் ரீலிங்கில், நூலைச் சுற்றும் பிரிவில், இருந்தவர். மில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் வளர்ந்து, படித்து, ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் காலத்தில் இந்த ஊரில் யாரும் கடிகாரம் பார்த்து எழுந்ததில்லை. மில் சங்குதான் எழுப்பும். எந்தச் சங்கு எந்த மில்லினுடையது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

கோவையின் முதல் பெரிய நூற்பாலை 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியில் வந்தது. 1910-இல் லட்சுமி மில். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கி வந்த பிறகு, திருச்சி ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் மில்களின் புகைபோக்கிகள் அடுத்தடுத்து எழுந்தன. இந்தக் கரிசல் மண்ணில் பருத்தி ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி நீண்ட இழை கொடுத்ததால் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது. ஒண்டிப்புதூரில் கம்போடியா மில் என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் வழியாக அந்தப் பருத்தி இன்னும் நம் சாலையில் நிற்கிறது. பின்னாளில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்த அந்த மில், 2020 மார்ச்சில் பொது முடக்கத்தோடு நின்றது. கழகத்தின் மற்ற மில்களும் அப்போது நின்றவைதான்.

பஞ்சுத் தூசியும் பன்னிரண்டு மணி நேர வேலையுமாக இருந்த அந்த ஆரம்ப நாட்களில், தொழிலாளிக்கு ‘வசதி’ என்று யாரும் எதையும் தானாகக் கொடுத்துவிடவில்லை. பீளமேட்டில் 1912-இல் பிறந்த என்.ஜி. ராமசாமி மில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கும் போனார். அடியும் சிறையும் வாங்கித் தளர்ந்த உடம்போடு 1943 பிப்ரவரியில், முப்பத்தொரு வயது நிறையும் முன்பே இறந்தார். வரதராஜபுரத்தில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. உங்கள் பள்ளி வேன்கள் தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. அதே திசையில் சற்றுத் தள்ளிப் போனால் சின்னியம்பாளையம். அந்த ஊரைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள், தொழிற்சங்கப் போராட்டம் கொதித்த நாட்களில் எழுந்த ஒரு வழக்கில், 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 8 அன்று அங்கே செங்கொடியோடு கூட்டம் கூடும்போது, போக்குவரத்து ஏன் நெருக்கடியாக இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

இந்த வரலாறு உங்களுக்கு எதற்கு? உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் வந்தது. தமிழகத்தில் அது நடைமுறைக்கு வந்தது 1955-இல், அதுவும் முதலில் கோவையில். மில்கள் நிறைந்த ஊர் என்பதால்தான். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த சிறு தொகையும் முதலாளி செலுத்திய பங்கும் சேர்ந்து வளர்ந்த ஏற்பாடு அது. அந்த மருத்துவமனை இன்று மருத்துவக் கல்லூரியாகவும் நிற்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது கோவைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் முதன்மைச் சிகிச்சை இடம் அதுதான். 2021 மே மாத இறுதியில் முதலமைச்சர் கவச உடை அணிந்து உள்ளே போய் நோயாளிகளைப் பார்த்ததும் அங்கேதான். அப்போது உங்கள் அடுக்ககங்களிலிருந்தும் ஆம்புலன்ஸ்கள் அங்கே போயின. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறீர்கள். ஊருக்கே கைகொடுத்த அந்த மருத்துவமனைக்கு, உங்களுக்கு முகம் தெரியாத தலைமுறை ஒன்று முன்கூட்டியே கட்டணம் செலுத்திவிட்டுப் போயிருக்கிறது.

தண்ணீரின் கதையும் இதே மாதிரிதான். நூறு ஆண்டுகளுக்கு முன் கோவைக்காரர்களுக்குக் கிணற்றில் கிடைத்தது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பஞ்சமும் பிளேக்கும் மாறி மாறி வந்தன. பிளேக் மாரியம்மன் என்றே இங்கே கோயில்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சே.ப. நரசிம்மலு நாயுடு என்ற பத்திரிகையாளர், மேற்கே முத்திக்குளம் அருவிப் பக்கம் காட்டுக்குள் ஏறிப் போய் சிறுவாணி ஊற்றைப் பார்த்துவிட்டு வந்து, இந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று எழுதினார், பேசினார். அவர் உயிரோடு இருந்தவரை அது நடக்கவில்லை. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் விடாமல் பாடுபட்டு, மலையைக் குடைந்து, அதை நிறைவேற்றினார். ஆர்.எஸ்.புரம் என்பது அவர் பெயரால் அமைந்த பகுதி. இன்று நமக்குச் சிறுவாணியும் பில்லூரும் சேர்ந்து நல்ல தண்ணீர் தருகின்றன. எந்தப் பகுதிக்கு எந்த நாளில் தண்ணீர் என்ற பிரச்சினை ஓயவில்லை. ஆனாலும் அது வரும் நாளில் உங்கள் கீழ்த்தொட்டிக்கும் லைன் வீட்டுக் குடத்துக்கும் ஒரே தண்ணீர்தான் வருகிறது.

சினிமா வரலாறு பிடிக்குமென்றால், திருச்சி ரோட்டில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவைப் பற்றிப் பெரியவர்களிடம் கேளுங்கள். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து 1947-இல் வெளிவந்த படம் அங்கேதான் உருவானது. அந்த நாட்களில் வசனம் எழுத வந்த இளைஞர் மு. கருணாநிதி சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் குடியிருந்தார். பிற்காலத்தின் இரண்டு முதலமைச்சர்கள் இந்த ஊரின் டீக்கடைப் பெஞ்சைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். இது எனக்கு இன்றும் இனிக்கும் செய்தி. ஊருக்குள் அதைச் சொல்லும் ஒரு பலகை வைத்தால் நன்றாக இருக்கும். அதற்கு அதிகச் செலவாகாது.

இப்போது குளத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் வீடு வாங்கியதே ‘ஏரிக் காட்சி’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால்தான். அந்த ஏரியை எங்கள் ஊரில் குளம் என்போம். ஏறக்குறைய 288 ஏக்கர். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், கோவைக்குள் நுழையும்போது சங்கிலியாகக் கோத்த குளங்களை நிரப்பிக்கொண்டு போகும். கிருஷ்ணம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், வெள்ளலூர்க் குளம், நம் சிங்காநல்லூர்க் குளம், கிழக்கே சூலூர்க் குளங்கள். ஆற்றில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணீரைத் திருப்பிக் குளத்தில் தேக்கிய இந்த ஏற்பாடு, மழை குறைந்த இந்த நாட்டில் பல நூற்றாண்டுகளாக வயலுக்கும் கிணற்றுக்கும் உயிராக இருந்தது. குளம் நிறைந்திருந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்கும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இது பொருந்தும். இங்கே பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் இறங்கி நிற்கும் நீரைத்தான் உங்கள் மோட்டார் உறிஞ்சுகிறது. அந்த வெடிப்புகளை நிரப்பும் இடங்களில் முக்கியமானது இந்தக் குளம்.

குளத்துக்குத் தெற்கே இருக்கும் வெள்ளலூரில் 1842-இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பின்னாளிலும் அதே ஊரில் பல தடவை காசுகளும் தங்க நகைகளும் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களையும் சோழ நாட்டையும் இணைத்த பெருவழி இந்தப் பக்கமாகத்தான் போனது. நகரத்துக்குத் தென்மேற்கே மலையடிவாரப் பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் சொல்லும் சோழர் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கிழக்கே நொய்யல் கரையில் கொடுமணல், அங்கே மணிக்கற்களை வெட்டிப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்கள். ரோமாபுரியின் காசு கைமாறிய இந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் தங்கியதற்குக் காரணம் தண்ணீர். அந்தத் தண்ணீரின் ஒரு பகுதியைத்தான் உங்கள் பால்கனியிலிருந்து பார்க்கிறீர்கள்.

அந்தக் குளத்தின் இன்றைய நிலையும் உங்களுக்குத் தெரியும். வடக்கே குருடி மலைப் பக்கம் தொடங்கும் சங்கனூர்ப் பள்ளம், துடியலூர், கணபதி வழியாக வந்து இந்தப் பக்கம் சேர்கிறது. ஒரு காலத்தில் மழைநீர் கொண்டுவந்த பள்ளம், இன்று நகரத்தின் கழிவுநீரைக் கொண்டுவருகிறது. நொய்யலும் அப்படியே. அதன் விளைவு ஆகாயத்தாமரை. அது முழுதும் மூடிவிட்டால் தண்ணீருக்குக் காற்று கிடைக்காது, மீன் சாகும், கொசு பெருகும். அப்படியிருந்தும் கூழைக்கடா வருகிறது, மஞ்சள்மூக்கு நாரை வருகிறது, தாழைக்கோழியும் நாமக்கோழியும் குஞ்சு பொரிக்கின்றன. பூச்சி, பட்டாம்பூச்சி, செடி, பறவை என்று 700-க்கும் மேற்பட்ட உயிரினங்களை இங்கே ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2017-இல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்தது. உயிர்வளத்துக்காக ஒரு நகரக் குளத்தை அப்படி அறிவிப்பது சிறிய விஷயமில்லை. அறிவிப்பு நிலைக்க வேண்டுமானால் கரையில் குடியிருப்பவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் உங்கள் சங்கங்களால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய வளாகங்களுக்குச் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அது உண்மையில் நாள் முழுதும் ஓடுகிறதா, அல்லது மின் கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் நிறுத்திவிட்டு மழைநீர் வடிகாலில் திறந்துவிடுகிறார்களா என்று நீங்களே இறங்கிப் பாருங்கள். கழிவுநீர் லாரி உங்கள் வளாகத்திலிருந்து எடுத்துப் போவதை எங்கே கொட்டுகிறது என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். குளத்தில் நுரை மிதக்கும்போது பிறரைக் கை காட்டுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து ரிசர்வ் சைட். இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது இதுதான்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீதிப் பிள்ளைகள் நான்கைந்து பேர், பக்கத்து வளாகத்தின் கம்பி வேலிக்கு உள்ளே விழுந்த பந்தை எடுக்கப் போனார்கள். உள்ளே ஊஞ்சலும் சறுக்கும் புல்தரையும் இருந்தன. காவலாளி பந்தைக் கொடுத்துவிட்டு, இது குடியிருப்பவர்களுக்கு மட்டும், இனி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இட்ட வேலையைச் செய்பவர், அவரே லைன் வீட்டில்தான் குடியிருக்கிறார். ஆனால் அந்தப் பூங்காவின் மூலையில் ஒரு கல் நடப்பட்டிருந்தது. ரிசர்வ் சைட் என்று பெயின்டில் எழுதி, செடி வளர்ந்து பாதி மறைத்திருந்தது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தவை. அதற்கு முந்தைய விதிகளிலும் இந்த ஏற்பாடு இருந்தது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப் பிரிவோ பெரிய கட்டடமோ வந்தால், சாலைகள் நீங்கலாக மிஞ்சும் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடம் கொடுக்க முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் நிலத்தையே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவான பிறகு அந்த நிலம் கட்டியவருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் சொந்தமில்லை. அது மாநகராட்சியின் பொது நிலம். அதில் வீதிப் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சம உரிமை.

விற்பனை செய்தவர்கள் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வளாகத்தின் வேலிக்குள்ளேயே அந்த இடமும் சேர்ந்திருந்தால், பார்ப்பவருக்குத் தனியார் பூங்காவாகத்தான் தெரியும். ஆகவே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வளாகத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதில் திறந்தவெளி ஒதுக்கீடு எங்கே என்று குறித்திருக்கும். தானப் பத்திரம் எழுதப்பட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு வரும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகல் கிடைக்கும். கட்டியவர் கொடுக்கத் தயங்கினால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கும் மாநகராட்சிக்கும் மனுப் போடலாம். உங்கள் சங்கங்களில் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீதியில் ஒருவர் பல மாதம் அலைந்து செய்ய வேண்டிய வேலையை நீங்கள் சில வாரத்தில் முடித்துவிடுவீர்கள்.

அந்த இடம் பொது நிலம் என்று தெரிந்தால், சாலைப் பக்கமாக ஒரு வாசல் வையுங்கள். பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வீடுகள் இருக்கும் பகுதிக்கும் பூங்காவுக்கும் இடையில் வேலியை நகர்த்திக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. காலையும் மாலையும் திறந்து இரவில் பூட்டுங்கள். பராமரிப்பை மாநகராட்சியிடம் முறையாகக் கேட்டு, உங்கள் சங்கமும் வீதிக்காரர்களும் சேர்ந்து ஒரு குழுவாக எடுத்துச் செய்யலாம். நான் பாடம் நடத்திய காலத்தில், எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று வகுப்பறையில் தெரியாது. விளையாட்டு மைதானத்தில் இன்னும் தெரியாது. அந்த வயதில் ஒரே ஊஞ்சலில் ஆடியவர்கள் வளர்ந்த பிறகு ஒரே வார்டில் எதிரெதிராக நிற்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் சொத்து வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் சேர்த்துக் கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அடுக்ககங்கள் பெருகப் பெருக அந்தத் தொகையும் பெருகிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் கிளை நூலகத்துக்குப் புதிய கட்டடமும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரவு வரை திறந்திருக்கும் வாசிப்பறையும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா இல்லையா? உங்கள் வளாகத்தில் உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிக் கொடுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஏறினால் நூலகத்தின் தரமும் உயரும், வருகிற புத்தகங்களும் கூடும்.

உழவர் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம், நம் ஊரிலும் வந்தது. விடியற்காலையில் சூலூர், பல்லடம் பக்கமிருந்து கீரையும் சின்ன வெங்காயமும் அவரைக்காயும் தேங்காயும் வந்து இறங்குகின்றன. விலைப் பலகையைப் பார்த்து வாங்கலாம், இடையில் தரகர் இல்லை. செல்போனில் பத்து நிமிடத்தில் காய்கறி வருகிறது என்று நீங்கள் அங்கே போகாமல் விட்டால், மூட்டையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் அந்த விவசாயி நாளடைவில் வராமலே போய்விடுவார். வாரத்துக்கு ஒரு நாளாவது போங்கள்.

பஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரை, திருச்சி, தஞ்சை, நெல்லை என்று தெற்கேயும் கிழக்கேயும் போகிறவர்களுக்குச் சிங்காநல்லூர் பஸ் நிலையம்தான் வாசல். தீபாவளி, பொங்கல் சமயங்களில் அங்கே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர், உங்கள் வீடுகளில் வேலை செய்பவர்களும் உங்கள் கட்டடங்களைக் கட்டியவர்களும்தான். வெள்ளலூரில் 2020-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பேருந்து நிலையக் கட்டுமானம் பாதியில் நின்றது. அது முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே இங்குள்ள நிலையத்தின் கழிப்பறையும் குடிநீரும் நிழலும் தள்ளிப் போகின்றன. நீங்கள் பஸ்ஸில் ஏறாதவர்களாக இருக்கலாம். இருந்தாலும் உங்கள் சங்கத்தின் முத்திரையோடு ஒரு மனு போனால் அதற்கு எடை அதிகம். இது நியாயமா என்றால் நியாயமில்லைதான். இருக்கும் நிலை அது. அந்த எடையை ஊருக்காகப் பயன்படுத்துங்கள் என்று கேட்கிறேன்.

சிங்காநல்லூர் தனி நகராட்சியாக இருந்த ஊர். 1981-இல் கோவை மாநகராட்சி உருவானபோது அதோடு சேர்ந்தது. பெரிய நகரத்தில் ஒரு மூலையாக மாறிய பிறகு, தேவைகளைச் சொல்லும் இடம் தூரமாகிவிட்டது. இப்போது மறுபடியும் பக்கத்தில் ஓர் இடம் வந்திருக்கிறது. 2022-இல் மாநில அரசு கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும், அதற்குக் கீழே பகுதி சபைகளும் உண்டு. கிராமத்தில் கிராம சபை எப்படியோ அப்படி நகரத்துக்கு இது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று முதன்முதலாகக் கூடியது. அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் போகலாம், பேசலாம், தீர்மானம் கேட்கலாம்.

நான் போகும் பகுதி சபையில் லைன் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள், கடைக்காரர்கள் வருகிறார்கள், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் வருகிறார்கள். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி, தண்ணீர் நாள் என்று பேசுகிறார்கள். உங்கள் வளாகங்களிலிருந்து ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உங்களுக்குக் குப்பை வண்டி தனியாக வருகிறது, விளக்கு தனியாக எரிகிறது, தண்ணீர் குறைந்தால் லாரி வருகிறது. அதனால் தேவைப்படவில்லை என்று இருக்கலாம். ஆனால் ஒரு வார்டின் வாக்காளர்களில் பெரும்பகுதி மதிலுக்குள் தனி ஏற்பாட்டில் வாழத் தொடங்கினால், வெளியே இருக்கும் பொது ஏற்பாட்டைக் கேட்பதற்கு ஆள் குறைகிறது. கேட்க ஆள் குறைந்தால் நிதியும் குறைகிறது. நிதி குறைந்தால் வடிகால் தூர்கிறது. அடுத்த பெருமழையில் அந்தத் தண்ணீர் உங்கள் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள்தான் வருகிறது. சென்ற சில மழைக்காலங்களில் இது நடந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே அடுத்த பகுதி சபைக்கு ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் இரண்டு பேர் வாருங்கள். ஒருவர் பெண்ணாக இருந்தால் மிகவும் நல்லது. வரும்போது உங்கள் வளாகத்தின் அங்கீகார வரைபட நகல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். குளத்துக்கு வரும் வாய்க்கால்களில் எவை அடைபட்டிருக்கின்றன என்ற பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அதை உங்கள் பொறியாளர்கள் சரிபார்த்து, மாநகராட்சிக்குப் போகும் மனுவில் வரைபடத்தோடு இணைத்துக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். நூலக வாசிப்பறைக்கும், பஸ் நிலையக் கழிப்பறைக்கும், என்.ஜி. ராமசாமியையும் சென்ட்ரல் ஸ்டுடியோவையும் பற்றிய அறிவிப்புப் பலகைகளுக்கும் தீர்மான வரைவுகளை நாங்கள் எழுதி வைக்கிறோம். ரிசர்வ் சைட் வாசல் பற்றி உங்கள் பொதுக்குழுவில் பேச வேண்டுமென்றால், அழைத்தால் நான் வந்து பேசுகிறேன். கேள்விகள் கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, பொறுமையாகப் பதில் சொல்வேன். பள்ளி திறப்பதற்கு முன் அந்த முடிவை எடுத்தீர்களானால், எங்கள் வீதிப் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையிலேயே விளையாட இடம் கிடைத்துவிடும்.

அன்புடன்,
சிங்காநல்லூர் லைன் வீட்டில் வளர்ந்த,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்